கருவியும் சாட்சியும்: கமராவும் கைத்தொலைபேசியும் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

புகைப்படக் கலை பற்றிய உரையாடல் இன்று பெரும்பாலும் விலைப்பட்டியல் வாதமாகச் சுருங்கிவிட்டது. கைத்தொலைபேசியே போதும் என ஒரு சாராரும், தனிக் கமராவுக்கு ஈடில்லை என மறுசாராரும் வாதிடுகின்றனர். முன்னையோர் வசதியையும் பரவலையும் காட்டுவர். பின்னையோர் தெளிவையும் நுணுக்கத்தையும் காட்டுவர். இரு சாராரும் படத்தின் தோற்றத்தைப் பற்றியே பேசுகின்றனர். அப்படம் எதற்காக எடுக்கப்படுகின்றது, யாருடைய கையில் எவ்வளவு காலம் இருக்கப்போகின்றது, நாளை ஒருவர் அது மெய்தானா என வினவுமிடத்து அதனால் விடையளிக்க முடியுமா என்னும் வினாக்கள் இவ்வாதத்தில் இடம்பெறுவதில்லை.

வவுனியாவிலிருந்து நோக்குமிடத்து இவ்வினாக்களே முதன்மை பெறுகின்றன. போரும் இடப்பெயர்வும் கண்ட வன்னி நிலத்திற் புகைப்படம் பலருக்கு ஓர் உறவின் எஞ்சிய ஒரே அடையாளமாகவும், சிலவேளைகளில் நிகழ்ந்த கொடுமையின் ஒரே சான்றாகவும் இருந்துள்ளது. அவ்வனுபவத்தின் வெளிச்சத்தில் இவ்விரு கருவிகளையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சந்தையின் தீர்ப்பும் கலையின் தீர்ப்பும்

சந்தை தன் தீர்ப்பை ஏற்கெனவே வழங்கிவிட்டது. யப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி, 2010 ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட இலக்கமுறைக் கமராக்கள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023 இல் அத்தொகை 80 இலட்சத்துக்கும் குறைந்துவிட்டது. 1975 இல் தன் ஆய்வுகூடத்திலேயே முதலாவது இலக்கமுறைக் கமராவை உருவாக்கிய கொடாக் நிறுவனம், 2012 சனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. யப்பானில் 2000 ஆம் ஆண்டளவிற் கைத்தொலைபேசியுடன் இணைக்கப்பட்ட சிறு கமரா, இருபது ஆண்டுகளுக்குள் ஒரு தொழிற்றுறையையே தலைகீழாக மாற்றிவிட்டது.

ஆயினும் இவ்வெண்கள் உணர்த்துவது யாது என்பது நுணுகி நோக்கற்பாலது. கைத்தொலைபேசியால் அழிந்தது, சட்டைப்பையில் வைத்துச் செல்லப்பட்ட சிறு கமராவே. வில்லைகளை மாற்றிப் பொருத்தத்தக்க பெரிய கமராக்கள் குறைந்த எண்ணிக்கையிலேனும் நிலைத்து நிற்கின்றன. திருமண வீட்டிலும், கோயிற் கொடியேற்றத்திலும், பத்திரிகைத் துறையிலும் அவை இன்றும் தோளிற் தொங்குகின்றன. தேசிய அடையாள அட்டைக்கான படத்தையும் ஆட்பதிவுத் திணைக்களத்திற் பதிவுபெற்ற படப்பிடிப்பு நிலையத்திலேயே எடுக்க வேண்டியுள்ளது. ஆக, அன்றாடப் படம் கைத்தொலைபேசிக்கும் பொறுப்புமிக்க படம் கமராவுக்கும் எனச் சமூகம் தன்னையறியாமலே ஒரு பிரிவினையைச் செய்துகொண்டுள்ளது எனலாம். இப்பிரிவினை சரியானதா என்பதே ஆராயப்பட வேண்டியது. ஏனெனில் வன்னியின் வரலாற்றில் அன்றாடப் படமே பிற்காலத்திற் பெரும் பொறுப்பைச் சுமக்கும் படமாக மாறியிருக்கின்றது.

2. ஒளியும் கணிப்பும்

இரு கருவிகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் அடிப்படை ஒளியை ஏற்கும் பரப்பாகும். முழுச்சட்டகக் கமரா எனப்படுவதன் உணரி 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது; அதன் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். விலையுயர்ந்த திறன்பேசி ஒன்றின் முதன்மை உணரி ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நீளமும் 7 மில்லிமீற்றர் அகலமுமே கொண்டது. முன்னையதன் பன்னிரண்டில் ஒரு பங்கு எனலாம். மலிவான பேசிகளில் அது மேலும் சிறிது. சிறிய பரப்பிற் குறைந்த ஒளியே விழும். குறைந்த ஒளியிற் படம் மணல் தூவியது போலாகும். இஃது இயற்பியலின் விதி. எந்த நிறுவனத்தின் விளம்பரத்தாலும் இதனை மீற இயலாது.

மீற இயலாத இவ்விதியைத் திறன்பேசி பிறிதொரு வழியாற் கடக்கின்றது. விரல் ஒருமுறை தொட்டால், அது ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்களை எடுக்கின்றது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, இருண்ட இடங்களை ஒளியூட்டி, மிகை வெளிச்சத்தைத் தணித்து, ஒரே படமாக நெய்து தருகின்றது. 2014 அளவிற் கூகிள் நிறுவனம் இம்முறையைத் தன் பேசிகளிற் புகுத்தியது. 2016 இல் அப்பிள் நிறுவனத்தின் பேசி, ஆளின் பின்னணியைக் கணிப்பினால் மங்கலாக்கிக் காட்டியது. 2018 இல் இருளிலும் படமெடுக்கும் வசதி வந்தது. இவ்வாறு கிடைக்கும் படம் ஒரு கணத்தின் பதிவு அன்று. பல கணங்களிலிருந்து தொகுக்கப்பட்ட ஒரு முடிவு. அம்முடிவை எடுப்பது படமெடுப்பவரும் அல்லர். கருவியை வடிவமைத்தோர் முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைத் தொடராகும்.

இதன் எல்லை எதுவரை செல்லும் என்பதற்கு 2023 மார்ச்சில் எழுந்த சர்ச்சை தக்க உதாரணம். ஒருவர் சந்திரனின் படமொன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையிற் காட்டி, அத்திரையைச் சாம்சங் பேசியினாற் படமெடுத்தார். மங்கலான அப்படத்தில் இல்லாத குழிகளும் மேடுகளும் பேசி தந்த படத்திற் தெளிவாகத் தோன்றின. செயற்கை நுண்ணறிவின் துணையுடன் விவரங்கள் மேம்படுத்தப்படுகின்றன என நிறுவனம் விளக்கமளித்தது. சந்திரனைப் பொறுத்தவரை இது சிறு குற்றமே. சந்திரனின் முகம் எல்லோரும் அறிந்தது. மனித முகத்தைப் பொறுத்தவரை அவ்வாறு கூறிவிட இயலாது. பல பேசிகள் தாமாகவே முகத்தின் சுருக்கங்களை அழிக்கின்றன, தோலை வழுவழுப்பாக்குகின்றன, கருநிறத்தைச் சற்றே வெளிறச் செய்கின்றன. வெயிலிற் கருத்த வன்னி விவசாயி ஒருவரின் முகம் அவர் கேளாமலே திருத்தப்படுகின்றது. எந்த முகம் பார்க்கத்தக்கது என்பதை எங்கோ இருக்கும் ஒரு தொழிற்கூடம் தீர்மானித்துவிடுகின்றது.

நல்ல கமரா இவ்வகையில் வேறுபட்டது. அதிலும் கணிப்பு உண்டு. எனினும் உணரியில் விழுந்த ஒளியைத் திருத்தம் பெறாத மூலக் கோப்பாகவும் அது சேமித்துத் தரும். துளையின் அளவு, ஒளி விழும் நேரம், குவியம் ஆகியவற்றை எடுப்பவரே தீர்மானிக்கலாம். தவறினாலும் அது அவருடைய தவறு. சரியானாலும் அது அவருடைய முடிவு. சில திறன்பேசிகளும் இன்று மூலக் கோப்பைத் தருகின்றன என்பது உண்மை. ஆயின் அவ்வசதியை நாடிச்சென்று இயக்குவோர் மிகச் சிலரே.

3. படப்பிடிப்பு நிலையத்தின் பொய்யும் மெய்யும்

இதிலிருந்து, கைத்தொலைபேசி பொய் சொல்கின்றது, பழைய கமரா மெய் சொன்னது என்னும் முடிவுக்கு வருவது தவறாகும். புகைப்படம் தோன்றிய காலந்தொட்டே திருத்தமும் தோன்றிவிட்டது. நமது ஊர்களின் பழைய படப்பிடிப்பு நிலையங்களிலே பின்னணிச் சீலையிற் தீட்டிய மாளிகையும் பூங்காவும் இருந்தன. இரவற் கோட்டும் இரவற் கைக்கடிகாரமும் இருந்தன. நெகட்டிவின்மேல் மெல்லிய பென்சிலால் முகப்பருவை மறைக்கும் கைத்திறன் ஒரு தொழிலாகவே விளங்கியது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணமூட்டும் வழக்கமும் இருந்தது. மேனாட்டுப் படச்சுருள் நிறுவனங்கள் நீண்டகாலம் வெள்ளைத் தோலையே அளவுகோலாகக் கொண்டு வண்ணத்தைச் சமன் செய்தன என்பதும் மறத்தற்குரியதன்று.

அக்காலத்தின் பிறிதொரு குறையும் சுட்டப்பட வேண்டும். கமரா எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து வவுனியா, கிளிநொச்சி மாவட்டங்களிற் குடியேறிய உழைப்பாளர் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், ஒருவர் தம் வாழ்நாளில் இரண்டு மூன்று முறையே கமராவின் முன் நிற்க முடிந்தது: அடையாள அட்டைக்கு ஒருமுறை, திருமணத்துக்கு ஒருமுறை, வெளிநாடு செல்வதாயின் கடவுச்சீட்டுக்கு ஒருமுறை. வயலில் நிற்கும் தந்தையையும் அடுப்படியில் இருக்கும் தாயையும் யாரும் படமெடுக்கவில்லை. எடுக்கத்தக்க காட்சிகளென அவை கருதப்படவுமில்லை. கைத்தொலைபேசி இந்நிலையை மாற்றியது. உழைப்பவனின் அன்றாட வாழ்வு முதன்முறையாக அவனாலேயே பதிவு செய்யப்படுகின்றது. கலை மக்கள்மயமாதல் என்று முன்னர் ஏட்டளவிற் பேசப்பட்டது இங்கு நடைமுறையில் நிகழ்ந்துள்ளது. திறன்பேசிக்கு எதிரான எந்த விமரிசனமும் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்ட பின்னரே தொடங்க வேண்டும்.

ஆயின் படப்பிடிப்பு நிலையத்தின் பொய்க்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தீட்டிய மாளிகை தீட்டியதே என்பதைப் பார்த்தவர் அறிந்திருந்தனர். திருத்தம் செய்யப்பட்டதும் வாடிக்கையாளர் அறியவே செய்யப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்துக்கு ஒரு மூலம் இருந்தது. நெகட்டிவ் நிலையத்திலும், அச்சிட்ட படம் வீட்டிலும், பிரதியொன்று தபாலிற் சென்று வெளியூர் உறவினரிடத்தும் இருந்தன. ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் எஞ்சும் வாய்ப்பு இருந்தது. தமிழ்நாட்டின் பழைய படப்பிடிப்பு நிலையங்களில் எஞ்சிய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் இலக்கமுறையிற் பேணும் பணியை மேற்கொள்ள முடிந்ததும் அம்மூலங்கள் பொருளாக எஞ்சியிருந்தமையாலேயே ஆகும்.

4. கையில் ஏந்திய படம்

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாவிற் கண்டி வீதியோரத்துக் கொட்டகையில் அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. தம் பிள்ளைகளுக்கு நேர்ந்தது யாதென அறியாமலே அப்பெற்றோருட் பலர் இறந்தும்விட்டனர். அப்போராட்டத்தின் காட்சி மொழி முழுவதும் புகைப்படத்தால் ஆனது. கொட்டகையின் நாற்புறமும் படங்கள். ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு படம். 1977 இல் ஆர்ஜென்ரீனாவின் தலைநகர் புவனஸ் அயர்சில், மே சதுக்கத்திற் கூடத் தொடங்கிய தாய்மாரும் பின்னர் இவ்வாறே தம் பிள்ளைகளின் படங்களைத் தாங்கி நின்றனர். மொழியும் நாடும் வேறாயினும் தாய்மார் கண்டடைந்த வழி ஒன்றாகவே இருந்தமை கவனிக்கத்தக்கது.

இப்படங்களைக் கலை விமரிசகனின் கண்கொண்டு நோக்கினால் அவற்றிற் குறைகளே மிகுதி. பல அடையாள அட்டைப் படத்திலிருந்து பெருப்பிக்கப்பட்டவை. ஆகவே மூக்கும் கண்ணும் புள்ளிகளாகச் சிதறுகின்றன. சில திருமணப் படத்திலோ பாடசாலைக் குழுப் படத்திலோ இருந்து வெட்டியெடுக்கப்பட்டவை. ஓரத்தில் வேறொருவரின் தோள் தெரியும். சிலவற்றின் பின்னணி கணினியால் நீல நிறமாக்கப்பட்டது. மழையும் வெயிலும் பட்டு நிறம் வெளிறியவையும் உண்டு. அழகியலின் அளவைகள் யாவும் இங்கே தோல்வியுறுகின்றன. எனினும் வீதியால் செல்வோர் எவராலும் அம்முகங்களை எளிதிற் கடந்துபோக முடிவதில்லை.

காரணம் யாது? அப்படங்கள் நேர்நோக்கும் முகங்களைக் கொண்டவை. அரசின் தேவைக்காக அசையாது நேரே நோக்கும்படி பணிக்கப்பட்ட அதே பார்வை, இன்று அரசையே நோக்கி வினா எழுப்பும் பார்வையாக மாறிவிட்டது. எடுக்கப்பட்ட நோக்கம் ஒன்று. பெற்ற பொருள் பிறிதொன்று. பிரெஞ்சு விமரிசகர் ரோலண்ட் பார்த், 1980 இல் வெளியான தம் புகைப்பட நூலில், இறந்த தம் தாயின் சிறுவயதுப் படமொன்றைப் பற்றியே மிகுதியாக எழுதினார். ஆயின் அப்படத்தை நூலில் அவர் வெளியிடவில்லை. தமக்கு அனைத்துமான அது பிறருக்கு மற்றுமொரு பழைய படமாகவே தோன்றும் என்பது அவர் கருத்து. வவுனியாத் தாய்மார் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தனர். தமக்கு மட்டுமே பொருளுடைய படத்தை நடுவீதியில் வைத்து, அதனைப் பார்க்கும் கடமையை மற்றோர்மீது சுமத்தினர்.

இங்கு மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அப்படங்கள் எஞ்சியமைக்கு அவற்றின் தெளிவோ அழகோ காரணமன்று. தாளில் அச்சான பொருளாக அவை இருந்தன; பொலித்தீன் உறையிற் சுற்றி மடியிலும் பையிலும் வைத்துக் கொண்டுசெல்ல முடிந்தது; உறவினரிடத்துப் பிரதி இருந்தது. அல்பங்களை வீட்டோடு விட்டு வந்தோருக்கு ஒரு படமும் எஞ்சவில்லை. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறி மனிக் பாம் முகாமை அடைந்தோரிற் பலரின் நிலை அதுவே. இன்று ஒரு குடும்பத்தின் பத்தாண்டுப் படங்கள் ஒரே பேசியில் இருக்கின்றன. அது நீரில் விழுந்தால், திருட்டுப் போனால், கடவுச்சொல் மறந்தால், பத்தாண்டும் ஒருங்கே மறைந்துவிடும். வட்ஸ்அப் வழியாக அனுப்பப்படும் படமோ சுருக்கப்பட்டு, எடுத்த இடத்தின் குறிப்பையும் இழந்தே மறுகரை சேர்கின்றது. ஆயிரக்கணக்கிற் படம் வைத்திருக்கும் இத்தலைமுறைக்கு, ஒரே படத்தை வைத்திருந்த முன்னைய தலைமுறையைவிடப் படத்தைப் பேணும் வழி குறைவாகவே உள்ளது எனல் மிகையாகாது.

5. கருவி பற்றிய வழக்கு

கமராவா கைத்தொலைபேசியா என்னும் வினா இலங்கையில் ஒருமுறை உயிர்களைப் பற்றிய வினாவாகவே எழுந்தது. 2009 ஓகஸ்ட் 25 ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஓர் ஒளிப்பதிவை ஒளிபரப்பியது. கண்களும் கைகளும் கட்டப்பட்ட நிர்வாண மனிதர்கள் சுடப்படுவதைக் காட்டிய அப்பதிவு, போரின் இறுதிக் கட்டத்தில் இராணுவத்தினர் ஒருவரின் கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. இலங்கை அரசு அதனை முற்றாக மறுத்தது. அடுத்த மாதமே அரசு தன் நிபுணர்களின் முடிவுகளை முன்வைத்து அப்பதிவு போலியானது என அறிவித்தது. அந்நிபுணர் தரப்பில் எழுந்த வாதங்களுள் ஒன்று, அது கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதன்று, அதனினும் தரமிக்க தனிக் கமராவில் எடுக்கப்பட்டது என்பதாகும். ஒரு கருவியின் அடையாளத்தில் ஒரு குற்றச்சாட்டின் மெய்ம்மை தொங்கி நின்றது.

2010 சனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், தடயவியல் மருத்துவம், ஒளிப்பதிவு ஆய்வு, துப்பாக்கிச் சான்று ஆகிய துறைகளைச் சேர்ந்த மூவரின் ஆய்வை வெளியிட்டார். பதிவு மெய்யானதாகவே தோன்றுகின்றது என்பது அவர்கள் முடிவு. விளக்கம் கிடைக்காத சில அம்சங்கள் எஞ்சியுள்ளன என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2011 இல் அப்பதிவின் நீண்ட வடிவம் கிடைத்தபோது, அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற கிறிஸ்ரொவ் ஹெய்ன்ஸ் அதனையும் ஆராய்வித்து மெய்யானதென்றே கூறினார். இலங்கை அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் தன் 2011 அறிக்கையில், அப்பதிவின் உண்மையைக் கண்டறியச் சுயாதீன விசாரணை வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

இவ்வழக்கிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது: சுயாதீனப் பத்திரிகையாளர் செல்ல அனுமதிக்கப்படாத களத்தில் எந்தத் தொழில்முறைக் கமராவும் இருக்கவில்லை, எவர் பையிலும் இருக்கக்கூடிய பேசியே இருந்தது. உலகின் மிகச் சிறந்த கமரா அங்கு இல்லாதவிடத்து அதனாற் பயனில்லை. கைத்தொலைபேசிக்காக வாதிடுவோரின் மிக வலிமையான நியாயம் இதுவே. இரண்டாவது: அப்பதிவு ஆய்வுக்கு ஈடுகொடுத்தமைக்கு, அக்காலப் பேசியின் எளிமையும் ஒரு காரணம் எனலாம். அது தான் கண்டதைத் தரங்குறைவாகவேனும் பதிந்தது. தானாக எதனையும் நிரப்பவில்லை. ஆகவே சட்டகங்களையும் ஒலியையும் அசைவையும் நிபுணர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய முடிந்தது. இல்லாத விவரத்தை இட்டு நிரப்பும் இன்றைய பேசியொன்றின் பதிவு நாளை இத்தகைய விசாரணைக்கு வருமாயின், மறுப்போர் கூற வேண்டியது ஒரு வாக்கியமே: அது கருவி கற்பித்தது. அக்கூற்றைப் பொய்யென நிறுவுவது கடினமாகிவிடும்.

இலங்கைச் சட்டமும் இதனைக் கருத்திற் கொண்டுள்ளது. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்வின்போதே எடுக்கப்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைச் சான்றாக ஏற்க வழிசெய்கின்றது. ஆயின் பதிவு செய்யும்போதோ அதன் பின்னரோ அது மாற்றப்படவில்லை, அல்லது பாதுகாப்பான பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டவேண்டும் என நிபந்தனை விதிக்கின்றது. பதிவு செய்யும் கணத்திலேயே மாற்றத்தை இயல்பாகக் கொண்ட கருவியொன்று பின்னர் எல்லோர் கையிலும் வந்து சேரும் என்பதை அச்சட்டத்தை ஆக்கியோர் எண்ணியிருக்க முடியாது. உற்பத்தியாளர்கள் இவ்விடரை உணரத் தொடங்கிவிட்டனர். 2023 இல் லைக்கா நிறுவனம், படம் எடுக்கப்படும்போதே அதன் பிறப்பு விவரத்தை முத்திரையிட்டுப் பதியும் கமராவை வெளியிட்டது. சில திறன்பேசிகளும் இப்பாதையிற் செல்கின்றன. எனினும் லைக்காவின் விலை வன்னியிற் பல குடும்பங்களின் ஆண்டு வருமானத்தை விஞ்சியது. உண்மையை நிறுவும் வசதி பணமுள்ளோருக்கும், ஐயத்துக்குள்ளாகும் படம் ஏழைக்கும் என்ற நிலை உருவாகுமாயின், படம் மக்கள்மயமாகியதாற் கிடைத்த பயன் பாதியாகக் குறைந்துவிடும்.

6. பெறப்படும் முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இரு கருவிகளையும் ஒப்பிடும் அளவுகோல் படத்தின் அழகோ கூர்மையோ அன்று என்பது புலனாகும். முகமும் நிகழ்வும் நாளை மறுக்கப்படும் ஆபத்துள்ள ஒரு சமூகத்தில், படத்தை மூன்று வினாக்களால் அளக்க வேண்டும். அது அங்கே இருந்ததா? அது தான் கண்டதையே காட்டுகின்றதா? அது எஞ்சி நிற்குமா? முதல் வினாவிற் கைத்தொலைபேசி வெல்கின்றது, அதில் ஐயமில்லை. இரண்டாவதில் மூலத்தைத் தரும் கமரா முந்துகின்றது. மூன்றாவதில் இரண்டுமே தோற்கின்றன; அதில் வென்றது தாளில் அச்சிட்ட படம் மட்டுமே.

இதன் பொருட்டு மாணவர் ஒவ்வொருவரும் விலையுயர்ந்த கமரா வாங்க வேண்டும் எனக் கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாதது. கையிலுள்ள பேசியிலேயே செய்யத்தக்கவை சில உள. அழகூட்டும் வசதிகளை நிறுத்திவைக்கலாம். முக்கியமான நிகழ்வை எடுக்கையில் மூலக் கோப்பையும் சேர்த்துப் பதியலாம். எடுத்த கோப்பைத் திருத்தாது ஓரிடத்தில் வைத்துவிட்டு, பிறருக்கு அனுப்புவதற்குப் பிரதியைப் பயன்படுத்தலாம். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது தாளில் அச்சிட்டு, பின்புறத்திற் பெயரும் திகதியும் இடமும் எழுதி, இரு வேறு வீடுகளில் வைக்கலாம். பழைய படப்பிடிப்பு நிலையங்களும் பழைய அல்பங்களும் அறிந்தோ அறியாமலோ செய்துவந்த ஒழுக்கம் இதுவே.

தனிக் கமராவுக்கும் உரிய இடம் உண்டு. ஏட்டுச் சுவடி, கல்வெட்டு, பழைய பத்திரிகை, அழியும் நிலையிலுள்ள கட்டடம் என்பன பொறுமையோடும் ஒழுங்கான ஒளியோடும் எடுக்கப்பட வேண்டியவை. அவற்றின் ஒரு கோடும் கருவியின் கற்பனையாக இருத்தலாகாது. 1981 யூன் முதலாம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, 97,000 வரையிலான நூல்களோடு, பிரதி எடுக்கப்படாத ஏடுகளும் மீளாது போயின. 2005 இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இலக்கமுறையிற் பேணிவருவதன் பெறுமதி அவ்விழப்பை நினைவிற் கொள்வோருக்கு நன்கு விளங்கும். பல்கலைக்கழக மாணவர் சங்கங்களும் தத்தம் ஊர்களில் இத்தகைய பணியில் ஈடுபடலாம். ஒரு சங்கத்துக்கு ஒரு நல்ல கமராவும் அதனைக் கையாளத் தெரிந்த இருவரும் இருப்பது பெருஞ்செலவன்று.

போரிற் பிள்ளையை இழந்த தாயின் கையில் ஒரு படமாவது இருந்தது. அதனை எடுத்தவர் ஊரிலே சிறு படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்த ஒருவர். அவர் வேண்டியது அடையாள அட்டைக்குரிய கட்டணம் மட்டுமே. தான் எடுக்கும் படம் இருபது ஆண்டுகளின் பின் வீதியில் நீதி கேட்கும் என அவர் நினைத்திருக்கமாட்டார். ஆயினும் அப்படம் தாளில் அச்சாகி, முகத்தை முகமாகவே காட்டி, கேட்டபோது எடுத்து நீட்டக்கூடியதாக இருந்தது. இன்று நாள்தோறும் எடுக்கப்படும் எண்ணற்ற படங்களுள் எத்தனை இம்மூன்று தகுதிகளையும் பெறும் என்பதை, கமராவையும் கைத்தொலைபேசியையும் ஒப்பிடும் எவரும் முதலிற் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.